612 வியூஸும் ஒரு சீட்டுப் பணமும்

இந்த எபிசோடு ஒரு போன் கால்ல ஆரம்பிச்சது. ஆத்தூர்ல எங்க தெருத் தம்பி ஒருத்தன், கிறிஸ்தவப் பாட்டு எழுதுவான். வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் நடந்தாலும் வாயில ஒரு மெட்டு ஓடிக்கிட்டே இருக்கும். அம்மாவோட சீட்டை எடுத்து, அந்த 40,000 ரூபாயில ஸ்டுடியோவுல ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல ஏத்தினான். மூணு மாசத்துல 612 வியூஸ். "அம்மா மூஞ்சியப் பாக்க முடியலண்ணே, எழுதுறதையே விட்டுரலாம்னு இருக்கேன்"ன்னான்.

நான் முதல்ல கணக்குதான் போட்டேன். தொழில் புத்தி. நீளமான வீடியோவுக்கு விளம்பரப் பங்கு வேணும்னா 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வை. சரி, சபைகள்ல பாடினா ராயல்டி வருமா? வராது. நம்ம காப்புரிமைச் சட்டத்தோட 52-ஆம் பிரிவு, மதச் சடங்குல பாடுறதுக்கு விலக்கு கொடுத்திருக்கு. வெளிநாட்டுச் சபைகள் பாட்டு வரியைத் திரையில போட சிசிஎல்ஐ-கிட்ட லைசன்ஸ் வாங்கும், அதுல எழுதினவங்களுக்கும் பங்கு போகும். நம்ம ஊர்ச் சபைகள்ல அந்த வழக்கம் பெருசா இல்ல.

அப்போ ரெக்கார்டிங்கே இல்லாத காலத்துல பாட்டு எப்படிப் பரவுச்சு? வேதநாயகம் சாஸ்திரியாரை எடுத்துக்கோங்க. 1774-ல திருநெல்வேலியில பிறந்தவர். சின்ன வயசுலயே ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போய், பிற்பாடு மன்னரான சரபோஜியோட சேர்த்துப் படிக்க வெச்சார். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினவர். ஆனா 1820-கள்ல வந்த புது மிஷனரிகளோட அவருக்குப் பெரிய மோதல். ஆராதனையில தமிழ்ப் பாட்டை ஒதுக்குறாங்கங்கிறது அவரோட புகார்கள்ல ஒண்ணு. (சாதி பார்க்காம எல்லாரும் சேர்ந்து திருவிருந்து எடுக்கணும்னு மிஷனரிங்க சொன்னதையும் எதிர்த்தார். அந்த விஷயத்துல என்னால அவர் பக்கம் நிக்க முடியாது.) அப்புறம் 1853-ல, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சுக்குக் கொண்டு வந்தார். அதுல சாஸ்திரியார் பாட்டுகளுக்கும் இடம் கிடைச்சுது. அப்போ அவருக்கு வயசு கிட்டத்தட்ட 79.

அந்தப் பாட்டுங்க நிலைச்சதுக்குப் பெரிய காரணம் கீர்த்தனை வடிவம்னு நினைக்கிறேன். பல்லவி, அனுபல்லவி, சரணம். ஒருத்தர் சரணத்தைப் பாடினா, எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் பல்லவிக்கு வந்து சேர்ந்துக்கலாம். புத்தகமே தேவையில்ல.

இதை மனசுல வெச்சுக்கிட்டு தம்பி பாட்டைத் திரும்பக் கேட்டேன். தொடக்கத்துல 50 செகண்ட் கிட்டார். பல்லவி அவன் தொண்டைக்கு மட்டுமே எட்டுற உயரம். ஸ்டுடியோவுக்கு நல்லாருக்கு, சபையில யாரும் கூடப் பாட முடியாது. "ரெண்டு கட்டை இறக்கு. கிட்டாரை விடு. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துல அக்காமாருக்குச் சும்மா வாயால சொல்லிக் கொடு"ன்னேன். அவனுக்குக் கோபம். ரெண்டு நாள் பேசல.

போன வாரம் வாய்ஸ் நோட் வந்தது. பதினைஞ்சு குரல் இருக்கும், தாளத்துக்குக் கைதட்டு மட்டும். மூணாவது வரியில ஒரு சொல்லை அவங்களாவே மாத்திப் பாடுறாங்க. "எதுண்ணே நல்லாருக்கு, என்னோடதா, அவங்களோடதா?"ன்னு கேட்டான். அவங்களோடதுதான். சீட்டுக்கு மாசம் 2,000 இப்போ அவனே கட்டுறான், இன்னும் எட்டு மாசம் பாக்கி.