மாமாங்கத்தில் முடி இறக்கப் போகிறவர்களுக்கு



ஆடி மாதம் பிறந்தால் லீவு கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் பத்து நாள் திருவிழா நடந்து, ஆடி அமாவாசையன்று தீர்த்தம். இறந்துபோன தாய் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்ய ஆண்கள் போவார்கள். பிள்ளைக்கு முதல் முடி இறக்க, நேர்த்தி வைத்த மொட்டையைப் போட என்று பெண்களும் போவார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு அந்தப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

நாங்களும் சில வருடங்களுக்கு முன் ஒரு பஸ் பிடித்து, பதுளை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடி இறங்கிப் போய் வந்தோம். அந்தப் பயணத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா, மகனுக்குக் காய்ச்சல் சுகமான நேர்த்திக்காக மொட்டை போட்டார். அவருக்குத் தோல் கொஞ்சம் மெல்லிசு. புதுச் சவர்க்காரம் போட்டாலே தடிக்கும். கூட்டத்தில் அவசரமாக மழித்துவிட்டார்கள். அதே தலையோடு கல்லடிக் கடலில் முங்கினார். பிறகு பகல் முழுக்க வெயில். திரும்பி வந்த மறுநாளே பிரட்டுக்குப் போய், கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். மூன்றாம் நாள் உச்சி முழுக்கச் சிவந்த பரு. ஐந்தாம் நாள் சீழ். கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சலும் வந்தது. மொத்தம் எட்டுப் பேர் போச்சு. எட்டு நாள் சம்பளம் என்றால் என்னவென்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இதைச் சாமி குற்றம் என்று லயத்தில் சிலர் பேசினார்கள். அது சாமி குற்றம் இல்லைங்க. சவரம் செய்த விதமும், அதற்குப் பிறகு நடந்ததும்தான் காரணம்.

கத்தி முடியை மட்டும் எடுப்பதில்லை. தோலின் மேல்படையையும் மெல்லிசாகச் சீவிக்கொண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல் நிறைய விழும். முடி வேருக்குள் கிருமி போனால் பரு. சுருட்டை முடிக்காரருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒட்ட வெட்டிய முடி வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு போகும். அதுவும் பரு மாதிரித்தான் தெரியும். அதனால்தான் "வழுவழுப்பா வரணும்" என்று இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கத்தி போடச் சொல்லக் கூடாது என்கிறோம். நேர்த்திக்கு வழுவழுப்புத் தேவையா என்ன?

முதலில் கத்தரிக்கோலால் முடியை நன்றாகக் குட்டையாக வெட்டிவிட வேண்டும். நீளமான முடியில் நேரே கத்தி போட்டால் இழுக்கும். பிறகு தலையை நல்ல தண்ணீரில், கிடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில், சில நிமிடம் ஊறவிட வேண்டும். ஊறிய முடி மிருதுவாகி, கத்திக்கு லேசாக வழிவிடும். காய்ந்த தலையில் சும்மா தண்ணீர் தெளித்து மழிப்பதுதான் எரிச்சலுக்கு முதல் காரணம். வாசனை இல்லாத குழந்தைச் சவர்க்காரத்தை நுரைத்துப் பூசலாம். மெல்லிசுத் தோல்காரர் அதையும் இரண்டு நாள் முன்னமே முழங்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும். கத்தி முடி சாய்ந்திருக்கிற பக்கமாகவே போக வேண்டும். உச்சியில் சுழி இருக்கிற இடத்தில் முடி சுற்றிச் சுற்றிச் சாய்ந்திருக்கும். அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும். தோலை இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம், கத்தியை அழுத்தவும் வேண்டாம். நாலைந்து இழுப்புக்கு ஒரு தடவை பிளேட்டைத் தண்ணீரில் அலச வேண்டும்.

கைக்குழந்தைக்கு உச்சிக்குழி மூட ஒன்றரை வயது வரை ஆகலாம். அந்த இடத்தில் பாரம் கொடுக்கவே கூடாது. பிள்ளை அழுது திமிறினால் நிறுத்திவிட்டு, பால் கொடுத்துத் தூங்கின பிறகு செய்யச் சொல்லுங்கள். தலையில் கரப்பான், செதில் செதிலாக உதிரும் நோய், புண் இருக்கிறவர்கள் கத்தியே வைக்க வேண்டாம். செதில் நோய் சிலருக்குக் கீறல் விழுந்த இடமெல்லாம் புதிதாகப் படரும். நம் ஆட்களிடம் பூமுடி கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, கத்தரிக்கோலால் மூன்று கொத்து வெட்டிக் காணிக்கை கொடுப்பது. ஐயரிடம் கேட்டுக்கொண்டு அதைச் செய்யலாம்.

இனிப் பிளேட் விஷயம். இதை நன்றாகக் கவனியுங்கள். ஒருவரை மழித்த பிளேட்டால் இன்னொருவரை மழித்தால், முதல் ஆளின் இரத்தம் இரண்டாவது ஆளின் கீறலுக்குள் போகலாம். ஈரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி, உடம்புக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில் ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கும். நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசியில் இது சேர்க்கப்பட்டது 2003இல்தான். அதற்கு முன் பிறந்த பெரியவர்கள் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் ஒரு பாக்கெட் பிளேட்டை வீட்டிலிருந்தே வாங்கிக்கொண்டு போய், ஆளுக்கு ஒன்று என்று கையில் கொடுங்கள். காகிதத்தை உங்கள் கண் முன்னால் பிரிக்கட்டும். பிளேட்டை இரண்டாக உடைத்துப் பாதியைப் பிடியில் மாட்டுவார்கள். அந்தப் பிடிக்குள்ளும் இரத்தம் ஒட்டியிருக்கலாம். அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மாட்டச் சொல்ல வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பார்கள். நாங்கள் கேட்டபோது அந்த முடி வெட்டுகிறவர் கோபிக்கவில்லை. "நீங்களே பிளேட் தந்தா எனக்குச் செலவு மிச்சம்தானே" என்று சிரித்தார்.

மழித்த பிறகு எல்லாருக்கும் ஒரே படிகாரக் கட்டியைத் தேய்ப்பதும் இதே ஆபத்துத்தான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலே நின்றுவிடும். டெட்டோலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றக் கூடாது, தோலைச் சுட்டுவிடும். சந்தனம் குளிர்ச்சிதான். ஆனால் கடைத் தூளில் சாயமும் வாசனையும் கலந்திருந்தால் மெல்லிசுத் தோல் எரியும். அப்படிப்பட்டவர்கள் நெற்றியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கிற உவர்த்தண்ணீர். மண்டூர் முருகனைக் கும்பிடக் குருமண்வெளியில் பாதை ஏறி வாவியைக் கடக்கிறவர்கள், இறங்கின கையோடு பிள்ளைகளை அதில் குளிப்பாட்டுவதைப் பார்த்திருக்கிறோம். புது மொட்டையோடு வாவியிலோ கடலிலோ இறங்கினால் உப்பு எரிக்கும், அழுக்கும் சேரும். தீர்த்தத்தில் முங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முங்கிவிட்டு, உடனே கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ தலையில் ஊற்றி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். அந்த மாதங்களில் அங்கே கச்சான் காற்று காய்ந்துபோய் அடிக்கும். நம் குளிருக்குப் பழகிய தலை, இத்தனை நாள் முடிக்குள் மறைந்திருந்த தோல், அரை நாளில் வெந்துவிடும். குடை பிடியுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் பருத்தித் துணியைத் தளர்வாகப் போடுங்கள். பழைய பிளேட்டை மணலில் வீசாமல் வெறும் மீன் டின்னில் போட்டுக்கொண்டு வாருங்கள். கோயில் வீதியில் எல்லாரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள்.

திரும்பி வந்த பிறகு கொழுந்து எடுக்கிற பெண்கள் நாலைந்து நாளைக்குக் கூடைக்கயிற்றை மழித்த தலையில் மாட்ட வேண்டாம். கயிறு அதே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். வேர்வையும் மழைத்தண்ணீரும் சேர்ந்தால் பரு நிச்சயம். கங்காணியிடம் முன்கூட்டியே சொல்லிச் சில்லறை வேலை கேளுங்கள். முடியாவிட்டால் துவைத்த பருத்தித் துணியை நாலாக மடித்துக் கயிற்றுக்கு அடியில் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். ரப்பர் படங்கைத் தலையோடு ஒட்டிப் போடாதீர்கள். அரிப்பு இருந்தால் கற்றாழைச் சோற்றைக் கழுவிப் பூசலாம். நகத்தால் சொறியக் கூடாது. சீழ், காய்ச்சல், கழுத்தில் நெறி, பரவிக்கொண்டே போகிற சிவப்பு, இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வந்துவிடுங்கள். அந்த அம்மா ஐந்து நாள் மஞ்சள் அப்பிக்கொண்டு லயத்திலேயே இருந்துவிட்டார். முதல் நாளே வந்திருந்தால் பாதிப் பேராவது மிஞ்சியிருக்கும்.