திருமண மண்டபங்களில் ஒலி அமைப்பு

தஞ்சாவூர், கும்பகோணம் பகுதித் திருமண மண்டபங்களில் நாகஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கி இல்லாமலே நிறைந்து ஒலிக்கும். வாழ்த்துரைதான் பின்வரிசைக்குப் புரிவதில்லை. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்புவதே காரணம். திறந்த பந்தலில் இத்தொல்லை இல்லை. அங்கு மைக் செட்காரர் போதும். மண்டபத்துக்கு ஒலிப் பொறியாளர் தேவை.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி வைத்த ஒலிபெருக்கி, அருகில் இருப்பவருக்கு மேடை ஒலியைவிட 1/20 நொடி முந்திக் கேட்கும், சொற்கள் குழம்பும். அதற்கேற்ற தாமதத்தைப் பொறியாளர் அமைப்பார். பெட்டிகளைக் கூட்டினால் எதிரொலியும் கூடும்.

உரிமையாளர் அவரைப் பூச்சு வேலைக்கு முன்பே அழைப்பது நல்லது. ஒலிபெருக்கி வயர், எல்.இ.டி. திரைக்கான மின்இணைப்பு ஆகியவற்றுக்கான பைப்புகளைச் சுவரை உடைக்காமல் அப்போதுதான் பதிக்கலாம்.