மண்ணில்லாத் தோட்டம்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மாடியில் வெள்ளை பிவிசி குழாய்களை அடுக்கி, அடியில் ஒரு மோட்டாரை ஓடவிட்டு, ஓட்டைக்கு ஒரு லெட்டூஸ் நட்டிருக்கும் படங்களைப் பார்த்துத்தான் பலருக்கும் ஹைட்ரோபோனிக்ஸ் ஆசை வருகிறது. அந்த ஆசையோடு விசாரித்தால் ஆயிரக்கணக்கில் விலை சொல்லி ஒரு முழு செட்டைத்தான் காட்டுவார்கள். மண்ணில்லாமல் செடி வளர்க்கக் குழாயும் மோட்டாரும் கட்டாயமில்லை. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, அது எவ்வளவு சூடாகிறது, வேருக்குக் காற்று கிடைக்கிறதா என்ற மூன்றும்தான் செடியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைத் தண்ணீரை அளப்பதற்குச் செலவிட்டாலே போதும் என்பதுதான் இந்தத் துறையின் வரலாறும் அறிவியலும் சொல்லும் பாடம்.

1860களில் ஜெர்மனியின் யூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நாப் ஆகியோர் தாது உப்புகள் கரைந்த தண்ணீரில் மட்டுமே செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். 1930களில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் தொட்டிகளில் ஆளுயரத்துக்கும் மேல் தக்காளிச் செடி வளர்த்தபோது, இனி நிலமே தேவையில்லை என்கிற அளவுக்குப் பத்திரிகைகள் பரபரத்தன. அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லாண்ட், ஆர்னன் இருவரும் இதை ஆராய்ந்து 1938இல் ஒரு கையேடு வெளியிட்டார்கள். நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிடத் தண்ணீரில் அதிகம் கிடைத்துவிடாது என்பது அவர்கள் கண்ட முடிவு. மாயம் எதுவும் இல்லை. சரியான கரைசல் இருந்தால் மண் இல்லாத இடத்திலும் விளையும், அவ்வளவுதான். இந்தியாவில் 1946இல் ஷோல்டோ டக்ளஸ் காலிம்பொங்கில் செய்த சோதனைகளும் மணல், சரளை போன்ற மலிவான பொருள்களைக் கொண்டே நடந்தன.

அப்படியானால் கரைசலில் என்ன இருக்க வேண்டும்? செடிக்கு இன்றியமையாத 17 தனிமங்களில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்துவிடும். மீதி 14ஐயும் நாம்தான் கொடுத்தாக வேண்டும். உரக்கடையில் எளிதில் கிடைக்கும் 19:19:19 உரத்தைக் கரைத்து ஊற்றுவது இங்கேதான் தவறிப்போகிறது. அதில் கால்சியம் கிடையாது. தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் யூரியாவை நைட்ரேட்டாக மாற்றித் தரும். வாளித் தண்ணீரில் அந்த வேலை சரிவர நடக்காது. ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே ஏ, பி என்று இரண்டு புட்டிகளில் விற்கப்படும் உரம்தான் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. கால்சியத்தையும் சல்பேட், பாஸ்பேட் உப்புகளையும் அடர்த்தியாக ஒன்றுசேர்த்தால் சுண்ணாம்பு போலப் படிந்துவிடும் என்பதால்தான் இரண்டு புட்டி. ஒன்றைத் தண்ணீரில் கலக்கிவிட்டு, பிறகுதான் மற்றதை ஊற்ற வேண்டும்.

அந்த உரத்தை எந்தத் தண்ணீரில் கலப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கீரைகளுக்கான கரைசலில் உப்பின் அளவைக் காட்டும் இ.சி. எண் 1.2 முதல் 2 வரை இருக்கலாம். போர் தண்ணீரே 1.5 காட்டினால் உரத்துக்கு அதில் இடமில்லை. அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்க வேண்டும். அது 7ஐத் தாண்டினால் இரும்புச்சத்து தண்ணீரில் இருந்தும் வேருக்கு எட்டாது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்து இன்னும் உரம் ஊற்றுவதால் பயனில்லை. மழைநீர்தான் இதற்கு முதல்தரமான தண்ணீர். சேமிப்புத் தொட்டி இருக்கும் வீடுகளுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆர்.ஓ. தண்ணீரும் நல்லது. ஆனால் ஆர்.ஓ. கருவி கழித்து வெளியேற்றும் தண்ணீரில் உப்பு கூடியிருக்கும், அது ஆகாது. பி.எச்., இ.சி. இரண்டுக்கும் மீட்டர் வாங்குவதுதான் தவிர்க்கக் கூடாத செலவு. பி.பி.எம். கணக்கை நம்பாமல் இ.சி. எண்ணைப் பாருங்கள். இ.சி.யை பி.பி.எம். ஆக்கப் பெருக்கும் எண் மீட்டருக்கு மீட்டர் 500, 700 என்று மாறுவதால் ஒரே தண்ணீருக்கு இரண்டு பி.பி.எம். வரும்.

அடுத்தது வெயில். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறையும். வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சைகளுக்கோ வெதுவெதுப்பு பிடிக்கும். மாடி வெயிலில் மெல்லிய குழாயில் ஓடும் சிறிதளவு தண்ணீர் சீக்கிரம் சூடேறும். மின்வெட்டில் மோட்டார் நின்றால் வேர் காய்ந்துவிடும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய மோட்டார் இல்லாத முறையில் இந்தத் தொல்லை குறைவு. வெளிச்சம் ஊடுருவாத 15 லிட்டர் வாளியின் மூடியில் ஓட்டை போட்டு, கழுவிய கோகோபீட் நிரப்பிய, துளைகள் உள்ள நெட் கப்பில் நாற்றை வைத்து, கப்பின் அடி நனையும்வரை கரைசலை ஊற்ற வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே உண்டாகும் இடைவெளியில் இருக்கும் வேர் காற்றை வாங்கும், கீழே உள்ளது தண்ணீரைக் குடிக்கும். மட்டம் இறங்கிவிட்டதே என்று பதறி மீண்டும் விளிம்புவரை நிரப்பினால் காற்று வேர்கள் மூழ்கி மூச்சுமுட்டும். தேவைப்பட்டால் நிரப்பலாம், ஆனால் பாதி வாளிக்கு மேல் போகக் கூடாது. மழைச் சாரல் உள்ளே இறங்காத, மதிய வெயில் நேராக விழாத இடம் வேண்டும்.

எந்தச் செடியை வைப்பது? லெட்டூஸ் குளிர்நாட்டுப் பயிர். நம் கோடையில் பூத்துக் கசந்துவிடும். பொன்னாங்கண்ணியும் வள்ளைக்கீரையும் இயல்பிலேயே ஈரத்தில் வளர்பவை, வெக்கையையும் தாங்குபவை. புதினாவைச் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே தண்டு எடுத்து வேர்விடச் செய்யலாம். இந்த மூன்றில் ஒன்றை வைத்துத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

'இதெல்லாம் ரசாயனம்தானே' என்ற கேள்வி வரும். வேர் தொழுவுரத்தை அப்படியே உண்பதில்லை. நுண்ணுயிர்கள் சிதைத்துத் தரும் நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும்தான் பெரும்பாலும் உறிஞ்சுகிறது. வாளியில் அதையே நேராகக் கொடுக்கிறோம். அதற்காக இதை இயற்கை விவசாயம் என்று அழைக்க முடியாது. மண்ணின் உயிர்ச்சூழல் இதில் இல்லை. பஞ்சகவ்யத்தை ஊற்றிச் சரிக்கட்டவும் முடியாது, தேங்கிய தண்ணீரில் அது அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். தண்ணீர் மிச்சமாகிறது என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவின் அரிசோனா நிலவரத்தை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பசுமைக்குடிலில் ஹைட்ரோபோனிக்ஸ் லெட்டூஸுக்கு மண்ணில் வளர்ப்பதைவிடச் சுமார் 13 மடங்கு குறைந்த நீரும் 82 மடங்கு அதிக ஆற்றலும் தேவைப்படும் என்று கணக்கிட்டது. மின்சாரமே வேண்டாத வாளிக்கு அந்தக் குறை இல்லை. தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு பெருகுமோ என்ற அச்சம் நியாயமானது. கப்பைச் சுற்றிய இடுக்கு உட்பட மூடியில் திறப்பே இருக்கக் கூடாது.

மண்தொட்டி வைக்க இடமும் நல்ல மண்ணும் இருக்கிறவர்கள் கத்தரி, வெண்டைக்கு இதை நாட வேண்டியதில்லை, மண்ணே மலிவு. மண் கிடைக்காத அடுக்குமாடி பால்கனிக்குக் கீரை வேண்டுமென்றால் இது கைகொடுக்கும். முழு செட்டுக்குப் பணம் கட்டும் முன் ஒரு வாளி, இரண்டு புட்டி உரம், இரண்டு மீட்டர் வாங்கி ஒரு போகம் எடுத்துப் பாருங்கள். அது தேறினால் குழாயைப் பற்றி யோசிக்கலாம்.