புயலும் நம் கடைச் சரக்கும்

கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலம் வட்டார வணிகர்கள் 2011 டிசம்பர் 30-ஐ எளிதில் மறக்க மாட்டார்கள். அன்று காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையே ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. மாவட்டமெங்கும் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மரம் விழுந்தது விவசாயிக்கு மட்டும் நஷ்டமா? முந்திரி காய்த்ததும் தருகிறேன் என்று அவர் பெயரில் நம் பேரேட்டில் நின்ற பாக்கியும் சேர்ந்தல்லவா சாய்ந்தது!

டொர்னாடோ எனும் சுழல்காற்று வேறு வகை. இடிமேகத்திலிருந்து இறங்கிச் சில நிமிடங்களில் ஊரையே துடைத்துவிடும். 1989 ஏப்ரல் 26-இல் வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் அப்படி ஒன்று சுமார் 1,300 உயிர்களைக் குடித்தது. அதற்கு முன்னெச்சரிக்கை கிடைத்தாலும் நிமிடக்கணக்கில்தான். நம் வங்கக் கடல் புயலோ நாள்கணக்கில் அவகாசம் தருகிறது. ‘தானே’ டிசம்பர் 25-இலேயே தாழ்வு மண்டலமாக உருவாகிவிட்டது. செயற்கைக்கோளும், சென்னை, காரைக்கால் ரேடார்களும் புயலைத் தொடர்ந்து கண்காணிக்கின்றன. வானிலைத் துறை 48 மணி நேரத்துக்கு முன் ஓர் எச்சரிக்கையும், 24 மணி நேரத்துக்கு முன் அடுத்ததும் விடுகிறது. படத்தில் போடும் பாதை ஒரே கோடல்ல, விரிந்துகொண்டே போகும் கூம்பு. நம் ஊர் அதன் ஓரத்தில் இருந்தாலும் உள்ளே இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 70 கிலோமீட்டரில் ஆடும் தகரம் 140-இல் பறப்பது இதனால்தான். கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளுகிறது. ஆகவே ஷட்டரின் நடுப்பகுதிக்கு உட்புறம் கட்டை முட்டுக் கொடுங்கள். பெயர்ப் பலகையை முன்தினமே இறக்கிவிடுங்கள். புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று ஓயும். அதை நம்பிக் கடையைத் திறக்கப் போகாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

கடலை விட்டு உள்ளே வர வரக் காற்று தளரும், மழை தளராது. வெள்ளாறும் மணிமுத்தாறும் பெருகுவது அதற்குப் பிறகுதான். சர்க்கரை, உப்பு, மாவு, பருப்பு மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும். எண்ணெய் டின்கள் கீழே இருந்தால் பாதகமில்லை. (நமது பீங்கான் நண்பர்கள் பாடு இன்னும் மோசம். சூளையில் வேகாத சாமான் நனைந்தால் மறுபடி களிமண்தான்.)

காப்பீட்டுப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். தீ விபத்துக்கு என்று எடுத்த பாலிசியில் புயலும் வெள்ளமும் சேர்ந்திருக்கின்றனவா, சரக்கின் மதிப்பு இன்றைய விலைக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று முகவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. எச்சரிக்கை வந்த அன்றே சரக்கைப் படம் எடுத்து, இருப்புப் புத்தகத்தையும் கொள்முதல் பில்களையும் பாலித்தீன் பையில் கட்டி வீட்டுப் பரண் மேல் வைத்துவிடுங்கள்.