கோரைக்குள் ஒரு குடித்தனம்

கோவை சிங்காநல்லூர்க் குளக்கரையில் நடக்கிறவர்களில் பலர் முக்குளிப்பானைத் தாராக்குஞ்சு என்றே நினைக்கிறார்கள். "ஏனுங்க, அந்தக் குஞ்சோட தாயைக் காணோமே?" என்று பரிசல்காரரிடம் ஓர் அம்மா கேட்டார். "குஞ்சில்லீங்கம்மா, வளந்ததே அவ்வளவுதானுங்க" என்றார் அவர்.

அவர் சொன்னது சரி. சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளம். எடை பெரும்பாலும் 200 கிராமுக்குள். தாராவுக்கும் இதற்கும் உறவு தூரம். மரபணு ஆய்வுகளின்படி இதன் நெருங்கிய பங்காளி பூநாரை! இனப்பெருக்கக் காலத்தில் கழுத்து செம்பழுப்பாக மாறும், அலகின் அடியில் மஞ்சள் பொட்டுத் துலங்கும். குதிரை கனைப்பதுபோல் நடுங்கும் குரல் கோரைக்குள்ளிருந்து கேட்கும்.

முங்குவதற்கென்றே அமைந்த உடம்பு இது. கால்கள் உடலின் கடைசியில் இருக்கின்றன. விரல் ஒவ்வொன்றிலும் தனித்தனி மடல். நீருக்குள் அதுதான் துடுப்பு. அதே காலால் தரையில் நாலடி நடக்கவும் திணறும். இறகுகளை உடம்போடு அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, சத்தமில்லாமல் அமிழும். பதினைந்து, இருபது விநாடி கழித்து வேறெங்கோ தலை தூக்கும். சிறுமீன், தலைப்பிரட்டை, நீர்ப்பூச்சி எல்லாம் இரை.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் குடித்தனம். ஆணும் பெண்ணும் பாசி, அழுகிய தண்டு என்று சேர்த்து, கோரையில் பிணைத்து, மிதக்கும் கூடு கட்டுகின்றன. நீர்மட்டம் ஏறினால் கூடும் ஏறும். எழுந்து போகும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிடும். வெள்ளையாக இட்ட முட்டை அந்தக் கறையிலேயே பழுப்பாகிவிடும். சுமார் மூன்று வாரம் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். பிறகு வரிவரியான குஞ்சுகள் பெற்றோர் முதுகிலேறி, இறக்கைக்குள் புதைந்து சவாரி போகும்.

கோரை இல்லையென்றால் இந்தக் கூடு இல்லை. நம் ஊர்க் குளங்களை அழகுபடுத்தும்போது கரையோரத்தைச் செதுக்கிக் கல் பதிக்கிறார்கள். நடைபாதை வேண்டியதுதான், ஆனால் சுற்றிலும் கல் என்றால் அந்தக் குளத்தில் முக்குளிப்பானுக்குக் குடியிருக்க இடமேது? ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டாலும் ஆபத்துதான்: முங்கத் திறந்த நீர் வேண்டும், பறந்தெழ நீர்ப்பரப்பில் ஓடவும் வேண்டும்.

2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளம், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது கொங்குக்குப் பெருமை. பட்டியலில் இல்லாத உங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரும்போது, ஆகாயத்தாமரையை அள்ளச் சொல்லுங்கள். ஒரு பக்கக் கோரையையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள்.