நாற்கரங்கள்

மூன்று நேர்கோடுகள் கூடி ஓர் இடத்தை அடைத்து நிற்பின் அது முக்கோணம் எனப்படும். நான்கு கூடி அடைத்து நிற்பின் நாற்கரம் எனப்படும். வீட்டின் கதவும் பலகணியும், பள்ளியின் கரும்பலகையும், மாணவர் எழுதும் ஏடும், உழவர் உழும் வயலும் பெரும்பாலும் நாற்கர வடிவினவே. இங்ஙனம் எங்கும் கண்முன் நிற்பதாயினும், நாற்கரத்தை உள்ளவாறு அறிதல் முக்கோணத்தை அறிதல் போல எளிதன்று. அதற்குக் காரணம் யாது?

மூங்கிற் சிம்புகள் மூன்றை முனையோடு முனை சேர்த்து, முனைதோறும் ஓர் ஆணி வீதம் அறைந்து பார்த்தல் வேண்டும். அச்சட்டத்தை எவ்வளவு அழுத்தினும் அது தன் வடிவு மாறாது நிற்கும். சிம்புகள் நான்கினை அவ்வாறே இணைத்தால் அஃது உறுதியாக நில்லாது. ஒரு மூலையைத் தள்ளியவுடன் சட்டம் சாயும். நான்கு பக்கமும் 5 அடியாகவுள்ள ஒரு சட்டத்தைக் கருதுக. நிமிர்ந்து நிற்கும்போது அது 25 சதுர அடி இடத்தை அடைக்கும். அதன் உயரம் 4 அடியாகும்படி சாய்த்தால் 20 சதுர அடியையும், 3 அடியாகும்படி சாய்த்தால் 15 சதுர அடியையுமே அடைக்கும். மேலும் சாய்க்கச் சாய்க்க, இறுதியில் சிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, அடைக்கும் இடம் ஒன்றுமில்லாமற் போகும். பக்கங்களின் நீளமோ ஒரு நூலளவும் மாறவில்லை! ஆகவே பக்கங்களை மட்டும் அறிந்தவன் நாற்கரத்தை அறிந்தவன் ஆகான். வேலிக் கதவு செய்யும் தச்சர் மூலையினின்று மூலைக்குச் சாய்வாக ஒரு சட்டம் அறைவது இதனை அறிந்தே. அச்சாய்சட்டம் நாற்கரத்தை இரண்டு முக்கோணங்களாக்கி விடுகின்றது, முக்கோணம் அசையாது.

அச்சாய்சட்டத்துக்குக் கணித நூலார் இட்ட பெயர் மூலைவிட்டம் என்பது. அதனால் விளங்கும் மற்றோர் உண்மையும் உண்டு. முக்கோணத்தின் கோணங்கள் மூன்றும் கூடி 180 பாகையாகும். நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிதலின், அதன் கோணங்கள் நான்கும் கூடி 360 பாகையாகும். இவ்வொரு செய்தியினின்று பல செய்திகள் தாமே பிறக்கும். நான்கு கோணங்களும் குறுங்கோணங்களாக உள்ள நாற்கரம் இல்லை. நான்கும் விரிகோணங்களாக உள்ளதும் இல்லை. மூன்று கோணங்கள் செங்கோணமாயின் நான்காவதும் செங்கோணமே. அதனை அளந்து பார்க்க வேண்டுவதில்லை. ஒரு கோணம் 180 பாகைக்கு மேற்பட்டு, மூலை உள்நோக்கி மடிந்து, அம்பின் முனைபோல் அமைவதும் உண்டு. ஆயின் அத்தகைய மூலை ஒரு நாற்கரத்தில் ஒன்றுக்கு மேல் இராது.

கோணங்களை மட்டும் அறிந்தால் போதுமோ எனின், அதுவும் போதாது. நான்கும் செங்கோணம் என்று கூறிய அளவில், அது முழக்கோல் போல நீண்டதோ, சதுரங்கப் பலகை போலச் சமமானதோ என்பது விளங்காது. ஆதலாற்றான் நாற்கரங்களை இனம் பிரிப்போர் பக்கம், கோணம் என்னும் இரண்டனையும் ஒருங்கே நோக்குகின்றனர்.

பக்கங்களுள் யாதொன்றும் மற்றொன்றுக்கு இணையாக இல்லாதது வெறும் நாற்கரம். ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் மட்டும் இணையாக இருப்பின் அது சரிவகம். ஏரிக்கரையைக் குறுக்கே வெட்டினாற்போன்ற வடிவு அது. இரண்டு சோடிகளும் இணையாக அமையின் இணைகரம். இணைகரத்தில் எதிர்ப்பக்கங்கள் தம்முள் ஒத்திருக்கும்; எதிர்க்கோணங்களும் தம்முள் ஒத்திருக்கும். அவ்விணைகரத்தின் ஒரு கோணத்தைச் செங்கோணமாக்கினால் ஏனைய மூன்றும் செங்கோணமாகிச் செவ்வகம் தோன்றும். கோணத்தை விட்டு, அடுத்தடுத்த இரு பக்கங்களைச் சமமாக்கினால் நான்கு பக்கங்களும் சமமாகிச் சாய்சதுரம் தோன்றும். இரண்டு நிபந்தனைகளும் ஒன்று சேர்ந்த இடத்தில் சதுரம் பிறக்கும். இவ்வரிசையிற் சேராது ஒதுங்கி நிற்பது பட்டம். சிறுவர் காற்றில் விடும் பட்டம் போல, அதில் அடுத்துள்ள பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமமாக இருக்கும்.

இங்கே ஓர் ஐயம் எழும். சதுரம் செவ்வகமா, அன்றா? கி.மு. 300ஐ ஒட்டி வடிவ கணிதத்தை வரிசைப்படுத்தி எழுதிய கிரேக்க அறிஞர் யூக்ளிட், அன்று என்றே வகுத்தார். செங்கோணமுடையதாய்ப் பக்கங்கள் சமமில்லாதது ஓரினம். பக்கங்கள் சமமாய்ச் செங்கோணமில்லாதது மற்றோரினம். இரண்டும் உடையது தனியினம் என்பது அவர் கருத்து. இக்காலக் கணித நூலார் அங்ஙனம் கொள்வதில்லை. நான்கு செங்கோணங்கள் உடையது எதுவாயினும் அது செவ்வகமே. ஆதலின் சதுரமும் செவ்வகத்துள் அடங்கும் என்பர். அதுபோலவே சதுரம் சாய்சதுரத்துள்ளும் அடங்கும். செவ்வகமும் சாய்சதுரமும் இணைகரத்துள் அடங்கும். சதுரத்தைச் 'சாய்'சதுரம் என்பது செவிக்கு முரணாகத் தோன்றலாம். ஆயினும் பெயரை நோக்காது இலக்கணத்தை நோக்கின் முரண் இல்லை.

எவ்வியல்பை முதன்மையாகக் கொள்கின்றோமோ அதற்கேற்பவே இனமும் அமையும். தொல்காப்பியர் மரபியலில் வயிரம் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் பிரித்தார். அவ்வழியே பனையும் தெங்கும் புல்லினம் ஆயின. உலக வழக்கில் அவை மரங்களே. இவ்விரண்டனுள் ஒன்று பொய் என்று எவரும் கூறார். எனினும், யூக்ளிட் வகுத்த முறையினும் இக்கால முறை பயன் மிகுந்தது என்பதில் ஐயமில்லை. இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும் என்று ஒருமுறை நிறுவிவிட்டால், செவ்வகத்துக்கும் சாய்சதுரத்துக்கும் சதுரத்துக்கும் மீண்டும் நிறுவ வேண்டுவதில்லை. இனத்தின் பண்பு அதனுள் அடங்கியவற்றுக்கெல்லாம் உரியதாகும். இதற்குமேல் செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் நீளத்தில் ஒத்திருக்கும். சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும். இரண்டு சிறப்பும் சதுரத்துக்கு உண்டு.

இவ்வியல்பு ஏட்டளவில் நிற்பதன்று. 12 அடி நீளமும் 9 அடி அகலமும் உள்ள அறைக்குக் கடைகால் குறிக்கும் கொத்தனார், எதிர்ப்பக்கங்கள் சரியாக உள்ளன என்று கண்ட அளவில் நின்றுவிடுவதில்லை. மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்ப்பார். இருபுறமும் 15 அடி வந்தால் மூலைகள் செங்கோணம். ஒன்று மிகுந்து மற்றொன்று குறைந்தால், பக்கங்கள் எவ்வளவு சரியாக இருப்பினும் அறை கோணியே நிற்கும்.

கொத்தனார் கயிற்றைப் பிடிக்க மறந்தால் ஓர் அறை கோணும். நிலம் அளப்போர் கோணத்தை மறந்தால் விளையும் கேடு அதனினும் பெரிது. எகிப்து நாட்டில் எட்பு என்னும் ஊரில் கி.மு. 237 முதல் கி.மு. 57 வரை கட்டப்பெற்ற ஹோரஸ் கோயிலின் சுவர்களில், கோயிலுக்கு உரிய வயல்களின் அளவுகள் பொறிக்கப்பட்டுள்ளன. எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அங்ஙனம் கிடைத்த இரண்டனையும் பெருக்கிப் பரப்புக் காண்பது அங்குக் கையாண்ட முறை. கோணம் என்ற பேச்சே அதில் இல்லை. செவ்வக வயலாயின் இம்முறை சரியான விடையைத் தரும். ஏனைய வயல்கள் யாவற்றுக்கும் உள்ளதினும் மிகுதியாகவே காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. இணையான பக்கங்கள் 10 கோலும் 4 கோலும், சாய்ந்த பக்கங்கள் ஒவ்வொன்றும் 5 கோலுமாக உள்ள ஒரு சரிவக வயலை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 4 கோல். உண்மைப் பரப்பு 28 சதுரக்கோல். மேற்கூறிய முறையோ 7ஐ 5ஆற் பெருக்கி 35 என்று கூறும். இக்கணக்கின்படி வரி விதித்தால், அவ்வுழவர் தம்மிடம் இல்லாத 7 சதுரக்கோல் நிலத்துக்கும் வரி செலுத்த நேரும்.

மிகுதியாகவே காட்டுவது ஏன்? முக்கோணத்தின் இரு பக்கங்களைப் பெருக்கிப் பாதியாக்கினால், அவ்விரண்டும் செங்கோணத்திற் கூடும்போது மட்டுமே உண்மைப் பரப்புக் கிடைக்கும். வேறு எக்கோணத்திற் கூடினும் வரும் விடை உண்மையினும் மிகும். நாற்கரத்தை ஒரு மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணங்களாகவும், மற்றொரு மூலைவிட்டத்தால் வேறு இரண்டு முக்கோணங்களாகவும் பிரித்து, நான்கனையும் இங்ஙனம் கணித்துக் கூட்டிப் பாதியாக்கிப் பார்த்தால், எட்புக் கோயில் முறையே வந்து நிற்கும். நான்கு மூலைகளும் செங்கோணமாயினன்றி மிகை நீங்காது.

இந்திய நாட்டில் பிரமகுப்தர் கி.பி. 628இல் இயற்றிய நூலில், இம்முறை பருமட்டானது என்றே குறித்து, நுண்ணிய முறை ஒன்றையும் தந்தார். பக்கங்கள் நான்கையும் கூட்டிப் பாதியாக்கி, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழித்து, எஞ்சிய நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். மேற்கூறிய சரிவகத்துக்குப் பாதித்தொகை 12, எஞ்சுவன 2, 7, 8, 7, பெருக்கினால் 784, அதன் வர்க்கமூலம் 28. உண்மை விடை அப்படியே வருகின்றது! ஆயின் 5 அடிச் சட்டத்துக்கு இம்முறை எப்போதும் 25 என்றே கூறும். சட்டம் சாய்ந்து 15 சதுர அடியாகச் சுருங்கியதை அது அறியாது. எதிர்க்கோணங்கள் கூடி 180 பாகையாக உள்ள நாற்கரங்களுக்கே, அஃதாவது நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் அமையும் நாற்கரங்களுக்கே, பிரமகுப்தர் முறை பொருந்தும். இங்கும் கோணமே தீர்ப்புக் கூறுகின்றது.

இதனைத் தெளிவாக எடுத்துரைத்தவர் பாஸ்கரர். 1150ஆம் ஆண்டைச் சார்ந்த தம் லீலாவதியில், பக்கங்கள் மாறாதிருப்பினும் மூலைவிட்டம் மாறினால் பரப்பும் மாறும் என்று அவர் விளக்கினார். மூலைவிட்டமோ செங்குத்தோ ஒன்றனைக் கூறாமல் நாற்கரத்தின் பரப்பை வினவுவோனைப் பேயோடு ஒப்பிட்டுக் கடிந்தார். விடை கூறப் புகுவோனையும் அவர் விட்டுவிடவில்லை. கணித நூலில் இத்தகைய சினம் அரிதாகவே காணப்படும்.

பாஸ்கரர் வேண்டிய அவ்விரு கோடுகளையும் இன்று தமிழ்நாட்டு நில அளவைப் புலப்படங்களிற் காணலாம். வயலின் எல்லைகளோடு, மூலையினின்று மூலைக்கு ஒரு கோடும், அக்கோட்டினின்று ஏனைய மூலைகளுக்குச் செல்லும் செங்குத்துக் கோடுகளும் அவற்றில் அளவுடன் குறிக்கப்பெறும். மூலைவிட்டம் 50 மீட்டரும், அதன் இருபுறமும் உள்ள செங்குத்துகள் 20 மீட்டரும் 16 மீட்டருமாயின், வயல் எவ்வளவு கோணியிருப்பினும் அதன் பரப்பு 900 சதுர மீட்டர்.