வீட்டு மொழியும் வீதி மொழியும்

தாளத்திற்கிசைய விரைந்து சொல்லடுக்கும் கலை ஹிப்ஹொப். அமெரிக்காவிலே, லொஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த சவுத் கேட் என்னும் ஊரில் 1988ஆம் ஆண்டளவில் உருவான ‘சைப்ரஸ் ஹில்’ குழுவினர் அக்கலையில் ஒரு புதுமை செய்தனர். கியூபாவிற் பிறந்தவர் சென் டொக். மெக்சிக்க, கியூப மரபினர் பி-ரியல். வீட்டிலே ஸ்பானிய மொழியும் வீதியிலே ஆங்கிலமும் வழங்கிய சூழலில் வளர்ந்த இவ்விருவரும் சொல்லடுக்க, டி.ஜே. மக்ஸ் இசையமைத்தார். 1991இல் வெளிவந்த முதற்றொகுப்பிலேயே இரு மொழிகளும் ஒரே பாட்டிற் கலந்தன. 1993இல் வந்த இரண்டாந் தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆங்கிலம் புகழ் தந்தபின்னும் வீட்டு மொழியை அவர்கள் மறந்தாரல்லர். 1999இல் தம் புகழ்பெற்ற பாடல்களை ஸ்பானிய மொழியில் வெளியிட்டனர். 2019இல் ஹொலிவூட் நடைபாதையில் அவர்தம் பெயர் பொறித்த நட்சத்திரம் பதிக்கப்பட்டது. இரு மொழிக்கிடையே வளர்தல் குறையன்று, கலைக்கு முதலே என்பதற்கு இவர்கள் சான்று.